நாலு மாதத் தூசி

பல்லக்காவுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே எதிரி ஒரு மஞ்சள் துணி. காலையில் அவள் கணவரின் தோளில் ஏறினால், அவர் படுக்கப் போகும்போதுதான் அது இறங்கும். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'செக்கிங்' என்றுதான் சொல்வார்கள். வேலையில் இருந்தவரை டிக்கெட் இல்லாதவர்களைத் தேடினார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தூசியைத் தேட ஆரம்பித்தார். ஸ்விட்ச் மேல், கதவு இடுக்கில், மின்விசிறி இறக்கையில், ஏன், பூட்டின் சாவித் துவாரத்தில்கூட. கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம்!

பல்லக்காவுக்கோ தூசி வேண்டும். கடையில் வாங்கிய பொடி அல்ல, அரைத்த மாவு அல்ல. தானாக வந்து தானாகப் படிந்த, யார் கையும் படாத அசல் தூசி. இப்படி ஒரு பெண்ணையும் அப்படி ஒரு ஆணையும் ஒரே கூரையின் கீழ் யார்தான் சேர்த்துவைத்தார்களோ தெரியாது.

அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர் வந்தது வேலை செய்யும் இடத்தில். பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடம் அது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றிப் பெட்டியில் போட்டு அனுப்புவாள். முகம் பார்க்காத எத்தனையோ பேர் இவள் செய்த பல்லால் சிரிக்கிறார்கள், கடிக்கிறார்கள், பெண்டாட்டியைத் திட்டுகிறார்கள். நாள் முழுக்க விளக்கடியில் குனிந்து அரிசியளவு சாமானோடு மல்லுக்கட்டுகிற வேலை. கண்ணும் கையும் அதற்கே பழகிவிட்டன.

பழகின கை சும்மா இருக்குமா? ஒருநாள் மதியம் வேலை குறைவாக இருந்தபோது, மிச்சமான மெழுகில் விரல் நீளத்துக்கு ஒரு நாற்காலி செய்தாள். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற பொம்மைப் பையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவனை எடுத்து அதில் உட்காரவைத்தாள். பக்கத்தில் மேசை விளக்கைச் சாய்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். எடுத்துப் பார்த்தால், அடடா! சினிமாவில் வில்லன் இருட்டறையில் காத்துக்கொண்டிருப்பானே, அசல் அதேதான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அதற்கப்புறம் மழைச் சண்டை, கோர்ட், ஆஸ்பத்திரி நடைபாதை, பாலத்திலிருந்து கார் விழுவது என்று சினிமாவில் உண்டான எல்லாக் காட்சியும் அவள் வீட்டில் விரல் உயரத்தில் நடந்தது. எந்தப் படத்துக் காட்சி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எல்லாப் படத்திலும் வருகிற காட்சிதான். பழைய கேமரா ஒன்று வாங்கினாள். பழைய மேசையின் இழுப்பறைகளைக் கழற்றி நிமிர்த்தி வைத்து வீடும் கடையும் ஆக்கினாள்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "பேரப்பிள்ளைக்காம்மா?" என்று ஒருத்தி கேட்பாள். "பொழுது போகலையா?" என்று இன்னொருத்தி. பொழுது போகாமலா? பல் ராவிவிட்டு வந்து, சமைத்துவிட்டு, இடுப்பு ஒடியக் குனிந்து, பொம்மையின் முழங்கையை ஒரு மயிரிழை திருப்பிக்கொண்டிருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்ல வாய் துறுதுறுக்கும். விழுங்கிக்கொள்வாள்.

ஊர் வாயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது வேறொருவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

நகர மன்றத்தில் வருடாவருடம் புகைப்படக் கண்காட்சி நடக்கும். அதில் சின்னப் பொருள்களை வைத்து எடுக்கும் படங்களுக்கென்று ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரில் ஒரு படம் மாட்டப்பட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பரிசுகூட வேண்டாம். போன வருடம் அதற்காகவே ஒரு காட்சி யோசித்தாள். பல வருடம் கழித்து ஒருவன் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். கதவைத் திறக்கிறான். உள்ளே ஆளில்லை. தரையெல்லாம் தூசி. ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில். தூசியில் அவன் காலடித் தடம் மட்டும். பார்க்கிறவனுக்குத் தொண்டை அடைக்க வேண்டும், அப்படி ஒரு காட்சி.

அதற்கு இழுப்பறையில் ஓர் அறை கட்டினாள். ஐஸ் குச்சிகளைத் தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்து மரத்தரை போட்டாள். பல் கூடத்துப் பிளாஸ்டரில் சுவர் வார்த்து, ஊசியால் விரிசல் கீறினாள். எல்லாம் முடிந்தபின் பின்னறையில் திறந்து வைத்து, தூசி படியட்டும் என்று விட்டாள். மூன்று வாரத்தில் மெல்லிய சாம்பல் போர்வை மாதிரி படிந்துவந்தது. நாளைக்குப் படம் எடுக்கலாம் என்று படுத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் இழுப்பறை பளபளவென்று மின்னுகிறது! குட்டி நாற்காலியின் காலடியைக்கூட விடவில்லை. செக்கிங் மஞ்சள் துணியோடு பக்கத்தில் நின்று, "பாவம், நீ வேலை வேலைன்னு ஓடுற. அதான் நானே துடைச்சு வெச்சேன்" என்றார்.

அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லப்போவதில்லை. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், அது போதும்.

கடைசி தேதி நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் முகத்துக்குப் போடுகிற பவுடரைச் சலித்துத் தூவிப் படம் எடுத்துக் கொடுத்தாள். நடுவர் வழுக்கைத் தலையோடு படத்தின் முன் நின்றார். தலையைச் சாய்த்தார். "நல்ல முயற்சிம்மா. ஆனா பொம்மை பொம்மையாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். படமும் கையோடு திரும்பி வந்தது.

பொம்மை பொம்மையாத் தெரியாம, பின்னே உன் மாமனார் மாதிரியா தெரியும்? இதை அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பல் ராவும்போது, பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது தனக்குள் ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க ஒன்று தெளிவாகியது. மனிதர் சொன்னது சரி. பவுடர் பவுடராகத்தான் தெரிந்தது. மாவு மில்லுக்குள் நிற்கிறவன் மாதிரி நின்றான் கோட்டுக்காரன். அசல் தூசியில் நூல் இருக்கும், மயிர் இருக்கும், மூலையில் கொஞ்சம் திரண்டு, நடுவில் மெலிந்து, நாற்காலிக்கு அடியில் இல்லவே இல்லாமல் இருக்கும். அதைக் கையால் செய்ய முடியாது. காத்திருந்துதான் வாங்க வேண்டும்.

ஆகவே இந்த வருடம் நாலு மாதம் முன்னாலேயே தொடங்கினாள். முதல் வேலையாகச் செக்கிங்கைக் கூப்பிட்டுப் பின்னறை வாசலில் நிறுத்தி, தரையில் சிவப்பு டேப் ஒட்டினாள்.

"இதைத் தாண்டி உங்க கால் வரக்கூடாது. உங்க துணி வரக்கூடாது. உங்க மூச்சுக்காத்துகூட வரக்கூடாது."

"அறையே நாறிப் போகும்மா."

"போகட்டும்."

"பூச்சி பொட்டு வரும்."

"வரட்டும். அதுவும் நடிக்கட்டும்!"

அதோடு விடவில்லை. தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து செக்கிங் திறக்கவிடாத ஜன்னல் அது. கீழே லாரி போகும், மண் பறக்கும், தூசி அத்தனையும் உள்ளே வரும் என்பார். "அதுக்குத்தான் திறக்கச் சொல்றேன்" என்று அவளே எக்கித் தாழ்ப்பாளைத் தட்டி ஒரு கதவைத் திறந்தாள். அவர் ஏதோ சொத்து கைவிட்டுப் போன மாதிரி நின்றார்.

அதற்கப்புறம் தினமும் அவர் அந்தச் சிவப்புக் கோட்டின் இந்தப் பக்கம் வந்து, தோளில் துணியோடு, கறிக்கடை வாசலில் பூனை நிற்கிற மாதிரி நிற்பார். உள்ளே தூசி கொழுத்துக்கொண்டிருக்கும். பெருமூச்சு விடுவார். போய்விடுவார். வேலையிலிருந்து வரும் பல்லக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் இழுப்பறையைத்தான் போய்ப் பார்ப்பாள். இந்த மனுஷனை நம்பி எதை விட முடியும்?

மூன்றாவது மாதத்தில் நாத்தனார் வந்தாள். செக்கிங்கின் அக்கா. குடும்ப வியாதி, அவளுக்கும் அதே சுத்தப் பைத்தியம், இன்னும் ஒரு படி மேல். பல்லக்கா அடுப்படியில் இருந்தாள். பின்னறைப் பக்கம் நாத்தனாரின் குரல் கேட்டது.

"அய்யய்யே! என்னடா இது, குப்பைத் தொட்டி மாதிரி வெச்சிருக்கீங்க? அந்தத் துணியைக் குடு."

பல்லக்கா கரண்டியோடு ஓடினாள். போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தவள், வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்புக் கோட்டின் மேல் செக்கிங் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார், பேருந்துப் படிக்கட்டை மறித்து நிற்பாரே அந்த நிலையில்.

"தொடாதேக்கா. அது வளருது."

"எது வளருது?"

"தூசிதான்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் கழண்டு போச்சா?" என்று கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனசு முழுசாக இளகவில்லை. என்மேல் இருக்கிற பயம், அவ்வளவுதான், படத்தின் மேல் இவருக்கு என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் எடுத்த எந்தப் படத்தையும் அவர் நின்று பார்த்ததில்லை. காட்டினால், "ம், நல்லாருக்கு" என்பார், கண் மேசை விளிம்பில் எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

கடைசி தேதி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பது என்று முடிவானது. மாலையில் கொஞ்ச நேரம்தான் அந்த அறைக்குள் வெயில் சாய்ந்து வரும். அந்த வெளிச்சம் இழுப்பறையின் குட்டி ஜன்னல் வழியாகத் தரையில் விழ வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டம் காலடித் தடம். தூசியில் ஒரு தடவைதான் கால் வைக்கலாம். தவறினால் துடைத்துவிட்டு மறுபடி வைக்க முடியாது, மறுபடி நாலு மாதம்.

மின்விசிறியை நிறுத்தினாள். பல் கூடத்து முகமூடியைக் கட்டிக்கொண்டாள், தன் மூச்சே பகையாகிவிடக் கூடாதே. வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? செக்கிங்கை மஞ்சள் துணியை வெளியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

"தும்மல் வந்தா?"

"வந்தா உள்ள விழுங்குங்க."

அவர் ஒரு கையில் அட்டை, ஒரு கையால் மூக்கு, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். பல்லக்கா இடுக்கியால் கோட்டுக்காரனின் ஒரு காலணியை மட்டும் கழற்றிப் பிடித்து, கதவிலிருந்து நாற்காலிவரை ஒவ்வொரு தடமாக ஒற்றினாள். பல் நடும் கை, நடுங்கவில்லை. ஒற்றிக்கொண்டே போனவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இத்தனை வருடம் கழித்து வருகிறவன் விடுவிடுவென்றா நடந்து போவான்? கதவுக்குப் பக்கத்தில், முதல் தடத்தை ஒட்டி, குதிகால் மட்டும் லேசாகப் பதிகிற மாதிரி இன்னொரு தடம் வைத்தாள். உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா என்று அவன் தயங்கி நின்ற இடம். யார் கவனிக்கப் போகிறார்கள்? யாரும் மாட்டார்கள். இருந்தாலும் வைத்தாள்.

காலணியை மாட்டி, தீப்பெட்டியில் செய்த பெட்டியைக் கையில் கொடுத்து, அவனை நாற்காலியின் முன்னால் நிறுத்தினாள். வெயில் வந்தது. எடுத்தாள்.

கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தபோது அவள் கண் நிறைந்துவிட்டது. அது இழுப்பறை இல்லை, வீடு. அவன் பொம்மை இல்லை, வீட்டுக்கு வந்தவன். இனி அந்த வழுக்கைத் தலையர் சொல்லட்டும் பார்க்கலாம்! ஆசை தாங்காமல் செக்கிங்கிடம் நீட்டினாள். அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"ம். முடிஞ்சுதா? இனிமே துடைச்சுக்கலாமா?"

சப்பென்று ஆகிவிட்டது. நாலு மாதம் காத்ததற்கு ஒரு 'ம்'. "துடைங்க, நல்லாத் துடைங்க, உங்க ஜென்மம் கடைத்தேறட்டும்" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து, அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டுத் தரச் சொல்லிப் போட்டோ கடையில் கொடுத்தாள். வெள்ளி மதியம் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து, தானே வாங்கித் தானே நகர மன்றத்தில் கொடுப்பதாகத் திட்டம். திட்டம் போட்டால் நடந்துவிடுமா? வெள்ளி காலை முதலாளி ஓடிவந்தார். ஒரு பெரியவருக்கு முழுப் பல் செட், மறுநாள் விடியற்காலை வெளியூர்ப் பயணமாம், பல் இல்லாமல் போகமாட்டேன் என்கிறாராம். "நீ இல்லாட்டி ஆகாது பல்லக்கா" என்று கையைப் பிடிக்காத குறை. பல்லக்கா கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்து, செக்கிங்கிடம் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். கடைக்குப் போகணும். படத்தை வாங்கணும். அஞ்சு மணிக்குள்ள மன்றத்துல குடுக்கணும்.

மதியம் போய்ப் பொழுது சாயத் தொடங்கிய நேரம், மெழுகு உருகி அச்சில் இறங்குகிற சமயமாகப் பார்த்துப் போன் அடித்தது.

"இங்க ஒரு சின்ன பிரச்சினை..."

"ஃபிரேம் உடைஞ்சிருக்கா?"

"இல்ல, ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கடைக்காரர் என்ன பண்ணியிருக்கார்னா..."

"அய்யோ, அவர்கிட்டயும் உங்க செக்கிங்கை ஆரம்பிச்சுட்டீங்களா? புண்ணியமாப் போகும், ஒண்ணும் பேசாதீங்க! வாங்கினமா, கொண்டுபோய்க் குடுத்தமான்னு வாங்க. இங்க என் கையில ஒருத்தர் வாயே இருக்கு!"

"இல்லம்மா, கொஞ்சம் கேளு..."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. சட்டத்தின் மூலையில் ஒரு துளி பசை ஒட்டியிருக்கும், அதைத் துடைத்துத் தரச் சொல்லிக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார். அவள் அறியாத செக்கிங்கா?

வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். செக்கிங் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் துணி இல்லை. அதுவே விபரீதமாகப் பட்டது. அப்புறம்தான் மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். பழுப்புத் தாளில் சுற்றிய பெரிய சதுரம்.

"இது என்ன?"

"படம்."

"யார் படம்?"

"உன் படம்தான்."

பல்லக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. "குடுக்கலையா?"

"குடுக்கல."

"ஏன், மன்றம் மூடிட்டாங்களா? பஸ் கிடைக்கலையா? லேட்டாப் போனீங்களா?"

"நேரத்துக்கே போயிட்டேன். கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தேன். குடுக்கல."

வெடித்தாள். கைப்பையை எறிந்தாள். "உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன் நான்? போன வருஷம் துடைச்சுக் கெடுத்தீங்க, இந்த வருஷம் கையில வெச்சுக்கிட்டே கெடுத்தீங்க! நாலு மாசம்! திருட்டுப் பூனை மாதிரி வீட்டுக்குள்ள வந்து வந்து பார்த்தேன், ஒரு நாள் நிம்மதியாத் தூங்கியிருப்பேனா? கொண்டுபோய் ஒரு ஜன்னல்ல நீட்டணும், ஒரு குழந்தைகூடச் செய்யும்! நான் எது ஆசைப்பட்டாலும் உங்களுக்குப் பொறுக்காதா? பொம்மைதானே, பைத்தியக்காரிதானேன்னு விட்டுட்டீங்க, இல்ல?"

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"அதுல தூசி இல்லம்மா."

"என்ன?"

"நீயே பாரு."

தாளைக் கிழித்தாள். சட்டம் பளபளத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அறை, அவளுடைய ஜன்னல், அவளுடைய வெயில். தரை மட்டும் ஆஸ்பத்திரித் தரை மாதிரி சுத்தமாக இருந்தது. தூசியில்லை. தூசியில்லாததால் தடமும் இல்லை. சுவரின் விரிசலைக்கூட வழித்து எடுத்திருந்தார்கள். நடுவில் கோட்டுக்காரன் நின்றான், கடை அலமாரியில் விலைச்சீட்டோடு நிற்கிற மாதிரி. பொம்மை பொம்மையாகத்தான் தெரிந்தது.

"அந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?" செக்கிங்கின் குரல் உயர்ந்தது, அவருக்கும் கோபம் வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "'உங்க வீட்டம்மா எடுத்த படத்துல ஒரே தூசி சார், லென்ஸைத் துடைக்காம எடுத்திருக்காங்கபோல. ரெண்டு நாள் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டேன். எனக்குத் தனியா ஒண்ணும் தர வேணாம்'ங்கிறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்! நான் பிடி பிடின்னு பிடிச்சேன். 'யோவ், அது நாலு மாசம் எங்க வீட்ல வளர்ந்த தூசிய்யா, என் கூடப்பொறந்த அக்காவைக்கூட நான் தொட விடலைய்யா'ன்னு கத்தினேன். கடையில இருந்தவங்கள்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. மறுபடி அடிச்சுக் குடுன்னேன். ஒட்டினது காயணும், நாளைக்குக் காலையில வாங்கங்கிறான். உனக்குப் போன் பண்ணேன். நீ வெச்சுட்டே."

பல்லக்கா எறிந்த கைப்பையை எடுத்துப் போனைப் பார்த்தாள். எடுக்காத அழைப்பு ஒன்று அதில் கிடந்தது.

"மன்றத்துக்குப் போய், நாளைக்குக் காலையில தர்றோம்னு கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க. இதையே குடுத்துடலாம்னு நெனச்சேன். நீ திட்டுவேன்னு தெரியும். ஜன்னல் வரைக்கும் போனேன், நீட்டக்கூட நீட்டினேன். அப்புறம் அந்த ஆளு வந்து தலையைச் சாய்ச்சு நின்னு போன வருஷம் சொன்னதையே சொல்வானே, அதை நீ கேக்கணுமான்னு தோணுச்சு. திரும்பி வந்துட்டேன்."

அவர் எழுந்து வந்து படத்தில் கதவுப் பக்கம் விரலை வைத்தார். கண்ணாடியில் விரல் ரேகை பட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இங்க ஒரு தடம் இருந்துச்சு. குதிகால் மட்டும். உள்ள வரலாமா வேணாமான்னு அவன் நின்ன இடம். அதையும் எடுத்துட்டான் பாரு, படுபாவி."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"துடைக்கிறதுக்கு முன்னால பார்த்தேன். திங்கக்கிழமை பூரா அதையேதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். துணியை வைக்கவே மனசு வரலை. சர்வீஸ் பூரா பஸ்ல ஏறுறவன் காலைத்தானே பார்த்தேன்? டிக்கெட் எடுக்கக் காசில்லாதவன் கால் படியில இப்படித்தான் நிக்கும். குதிகாலை ஊனிக்கிட்டு, ஏறலாமா இறங்கிடலாமான்னு. எனக்கு அந்தத் தடத்தைப் பார்த்ததும் என்னவோ பண்ணிடுச்சு."

பல்லக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். கடைக்காரரை அறைய வேண்டும்போல இருந்தது. முதலாளியை, பல் இல்லாமல் ஊருக்குப் போகமாட்டேன் என்ற அந்தப் பெரியவரை, அஞ்சு மணிக்கு மூடும் மன்றத்தை, போனை வைத்த தன் கையை. சுவரில் அவள் படம் இந்த வருடமும் இல்லை. இனி ஒரு வருடம் முழுசாகப் பாக்கி இருக்கிறது.

"இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா என்ன? 'ம்'னு ஒரு 'ம்' போட்டீங்களே!"

"அந்தக் குட்டித் திரையில எனக்கு என்னம்மா தெரியும்? கண்ணாடி போடலை நான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வருடமும் இதே படத்தைக் கொடுக்கலாமா என்று அவர் கேட்டார். பழைய படத்தை எடுக்க மாட்டார்கள், அந்தந்த வருடம் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றாள்.

"அந்த இழுப்பறையை நல்லாத் துடைச்சுட்டீங்களா?"

"செவ்வாய்க்கிழமை துடைச்சேன்." அவர் குரல் இறங்கிப்போனது. "பளபளன்னு இருக்கு."

"நாசமாப் போச்சு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "போய் ஜன்னலைத் திறங்க."

செக்கிங் பின்னறைக்குப் போனார். சிவப்பு டேப்புக்கு வெளியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாளோடு அவர் மல்லுக்கட்டும் சத்தம்.

"ஒரு கதவு போதுமா?"

"ரெண்டையும் திறங்க!" என்று பல்லக்கா இங்கிருந்து கத்தினாள்.

தெருவில் ஒரு லாரி போனது. உள்ளே அவர் அடுக்கடுக்காகத் தும்ம ஆரம்பித்தார். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.